கடுக்காயும் கோயில் மருத்துவமனையும் - ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வரலாற்று அலசல்

"அவன் நல்லா கடுக்காய் குடுத்துட்டான்யா!" - யாராவது ஏமாற்றிவிட்டு நழுவினால் நம் ஊரில் இப்படித்தான் சொல்வோம். கடுக்காய் வாங்கித் தின்றவர் கொல்லைப்பக்கம் ஓடிக்கொண்டிருப்பார், கொடுத்தவர் அந்த நேரத்தில் கம்பி நீட்டியிருப்பார் என்பதுதான் எனக்குத் தோன்றும் விளக்கம் :-)

பாவம் அந்தக் காய். வடமொழியில் அதற்கு 'அபயா' என்று ஒரு பெயர் உண்டு. பயத்தைப் போக்குவது என்று பொருள். 'அரிதகி' என்பது இன்னொரு பெயர். அங்கே அபயம், இங்கே ஏமாற்று வேலை! ஒரு காய்க்கு இப்படி இரண்டு விதமான பெயர் எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்தால், அது நம் திருச்சி, ஸ்ரீரங்கம் வழியாக ஒரு பெரிய கதைக்குள் கொண்டுபோய் விடுகிறது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. "நம் முன்னோர்கள் ஆஸ்பத்திரிக்கே போனதில்லை. தினமும் ராத்திரி ஒரு கடுக்காய், அவ்வளவுதான். எந்த நோயும் கிடையாது" என்ற மாதிரி செய்திகள் செல்போனுக்கு செல்போன் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் முன்னோர்களே கல்லில் வெட்டி வைத்திருப்பது வேறு விஷயம். அவர்களுக்கு ஆஸ்பத்திரி இருந்தது. அதில் சம்பளம் வாங்கும் மருத்துவர் இருந்தார். கடுக்காயும் அங்கேதான் இருந்தது!

முதலில் காயைப் பற்றி கொஞ்சம்

கடுக்காய் மரத்தின் தாவரவியல் பெயர் டெர்மினாலியா செபுலா. நம் காவிரிக் கரையில் நிற்கும் மருத மரமும், தான்றிக்காய் மரமும் இதே டெர்மினாலியா இனம்தான். அதாவது மூவரும் அண்ணன் தம்பிகள். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்தால் திரிபலா. மூன்றில் இரண்டு ஒரே குடும்பத்து உறுப்பினர்கள் என்பது எனக்கே புதுத் தகவல்.

இது சமவெளி மரம் இல்லை. இலையுதிர் காடுகள் உள்ள மலைகளில் வளரும். கொல்லிமலை, கல்வராயன் மலை, ஜவ்வாது மலை போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து நாட்டு மருந்துக் கடைகளுக்கு வருகிறது. பச்சையாக இருக்கும் காய் காய்ந்தால் பழுப்பாகி, நீளவாக்கில் வரிவரியாகச் சுருங்கிவிடும். உள்ளே கல் மாதிரி ஒரு கொட்டை. நம் வைத்திய வழக்கில் கொட்டையை நீக்கிவிட்டு மேல் சதையை மட்டும்தான் எடுப்பார்கள். இஞ்சிக்குத் தோல் ஆகாது, கடுக்காய்க்குக் கொட்டை ஆகாது என்று பாட்டிமார்கள் சொல்வது இதைத்தான்.

ஆயுர்வேதத்தில் ஆறு சுவைகள். கடுக்காயில் உப்பு தவிர மற்ற ஐந்தும் உண்டு என்கின்றன நூல்கள். ஆனால் வாயில் போட்டவுடன் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு முன்னால் வந்து நிற்பது துவர்ப்புதான். இந்தத் துவர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசிப் பகுதியில் இதற்கு வேலை இருக்கிறது.

நூல்கள் என்ன சொல்கின்றன?

சரக சம்ஹிதையில் சிகிச்சைப் பகுதி ரசாயனத்தில்தான் தொடங்குகிறது. ரசாயனம் என்றால் இங்கே கெமிஸ்ட்ரி இல்லை, உடலைப் புதுப்பிக்கும் முறை. அதன் முதல் பாதத்தின் பெயரிலேயே கடுக்காயும் நெல்லிக்காயும் இருக்கின்றன. அவ்வளவு பெரிய நூலில் சிகிச்சை என்று வந்ததும் முதல் வரிசையில் நிற்பது இந்த இரண்டு காய்கள்!

புத்த சமயத்தின் வினயபிடகத்தில் மகாவக்கம் என்ற பகுதி இருக்கிறது. துறவிகள் எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கூடாது என்ற விதிகள் அதில் உண்டு. மருந்துக்காக வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்த காய்களில் கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் இருக்கின்றன. காமாலை வந்த ஒரு துறவிக்கு மூத்திரத்தில் ஊறிய கடுக்காயைக் கொடுக்கலாம் என்றும் ஓர் இடம் வருகிறது. அது பசு மூத்திரம் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள். இதுவும் பின்னால் தேவைப்படும்.

1890இல் பவர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மத்திய ஆசியாவில் கூச்சா என்ற ஊரில் ஒரு பழைய சுவடியை வாங்கினார். அது 6ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்கிறார்கள். அந்தப் பாலைவன ஊரில் கிடைத்த மருத்துவச் சுவடியிலும் கடுக்காய்க்குத் தனி அத்தியாயம் உண்டு. திபெத்தில் மருத்துவ புத்தரை வரையும்போது கையில் கடுக்காய்க் கிளையைக் கொடுப்பார்கள். 'செபுலா' என்ற பெயரே காபூல் நகரத்துப் பெயரின் திரிபு. மேற்கே போன சரக்கில் ஒரு வகைக்கு அரேபியர்கள் 'காபூலி' என்று பெயர் வைத்திருந்தார்கள், அது லத்தீனுக்குப் போய் இப்படி ஆகிவிட்டது. 1563இல் கோவாவில் போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா வெளியிட்ட இந்திய மருந்துகள் பற்றிய நூலிலும் இந்தக் காய்களைப் பற்றி ஓர் உரையாடல் உண்டு.

ஆக இது ஏதோ ஒரு பாட்டி வைத்திய ரகசியம் அல்ல. ஊர் ஊராக, மொழி மொழியாக எழுதி வைத்து, விவாதித்து, வியாபாரம் செய்த சரக்கு.

சுத்தம் செய்வது எப்படி?

பாவப்பிரகாசம் என்பது 16ஆம் நூற்றாண்டு நூல். கடுக்காயில் விஜயா, ரோகிணி, பூதனா, அமிர்தா, அபயா, ஜீவந்தி, சேதகி என்று 7 வகை சொல்கிறது. நல்ல கடுக்காய் கனமாக இருக்க வேண்டும், தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும் என்கிறது. இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது ஒரே காயை நாலு விதமாகச் செய்தால் நாலு வேலை செய்யும் என்று அது சொல்வதுதான்.

மென்று தின்றால் பசியைத் தூண்டும். அரைத்துத் தின்றால் குடலைச் சுத்தம் செய்யும். வேகவைத்துத் தின்றால், கவனியுங்கள், போகிற வயிற்றைக் கட்டும்! வறுத்துத் தின்றால் வாதம், பித்தம், கபம் மூன்றையும் தணிக்கும்.

ஒரே காய். ஒரு பக்குவத்தில் பேதி மருந்து, இன்னொரு பக்குவத்தில் பேதியை நிறுத்தும் மருந்து. 'கடுக்காய் நல்லது' என்று மொட்டையாகச் சொன்னால் அந்த நூலை எழுதியவரே ஒப்புக்கொள்ள மாட்டார். எந்தக் கடுக்காய், எப்படிச் செய்தது, யாருக்கு என்று திருப்பிக் கேட்பார்.

பருவத்துக்கு ஒரு துணைப் பொருளும் உண்டு. மழைக்காலத்தில் இந்துப்பு, அடுத்து சர்க்கரை, முன்பனியில் சுக்கு, பின்பனியில் திப்பிலி, இளவேனிலில் தேன், கோடையில் வெல்லம். வருடம் முழுவதும் ஒரே மாதிரி சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை.

யாருக்குக் கூடாது என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது. நீண்ட தூரம் நடந்து களைத்தவர், மிகவும் மெலிந்தவர், உடல் வறண்டவர், பட்டினி கிடந்தவர், பித்தம் மிகுந்தவர், கர்ப்பிணிப் பெண்கள். செல்போனில் வரும் செய்திகளில் பலன்கள் மட்டும் 50 வரி வரும். இந்த ஒரு வரி மட்டும் எங்கோ வழியில் விழுந்துவிடும்.

குடலை மட்டும் இல்லை. புண் கழுவவும், வாய் கொப்பளிக்கவும், பல் துலக்கவும் கடுக்காய், திரிபலா கஷாயங்களையும் பொடிகளையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். உடம்பின் உள்ளும் வெளியும் சுத்தம் செய்யும் காய் என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

நூல் இருந்தது சரி. இதை வைத்து நம் பக்கத்தில் யார் யாருக்கு வைத்தியம் செய்தார்கள்? இனி ஸ்ரீரங்கத்துக்கு வருவோம்.

அரங்கன் கோயிலில் ஆரோக்கியசாலை

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் வடபுறத்தில் தன்வந்திரி சன்னதி இருக்கிறது. ஆயுர்வேதத்தின் கடவுள். உடம்பு சரியில்லாதவர்களுக்காக வேண்டிக்கொள்ள வருகிறவர்களை அங்கே எப்போதும் பார்க்கலாம். ஆனால் அது வெறும் சன்னதியாக மட்டும் இருந்த இடம் இல்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

13ஆம் நூற்றாண்டில் நம் பகுதி ஹொய்சாளர் கையில் இருந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூர்தான் அவர்களின் தமிழகத் தலைநகர். அங்கிருந்து ஆண்ட வீர ராமநாதன் காலத்தில், 1257இல், ஸ்ரீரங்கம் கோயிலின் நான்காம் பிரகாரத்தில் ஆரோக்கியசாலை அமைந்த செய்தியைக் கல்வெட்டு சொல்கிறது. ஆரோக்கியசாலை என்றால் மருத்துவமனை. பொறுப்பு கருடவாகன பண்டிதர் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

'கருடவாகன' என்ற பெயர் அந்த மருத்துவக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. ராமானுஜர் காலத்திலேயே ஒரு கருடவாகன பண்டிதர் இருந்ததாகக் கோயில் மரபு சொல்கிறது. அதில் ஓர் அழகான கதை உண்டு. ஒருநாள் பெருமாளின் திருமுகம் வாடியிருப்பதைப் பார்த்தாராம் ராமானுஜர். என்ன காரணம் என்று விசாரித்தால், தயிர்சாதத்தோடு நாவல்பழமும் நைவேத்யம் ஆகியிருக்கிறது, அது பெருமாளுக்குச் சேரவில்லை! உடனே கருடவாகன பண்டிதரை அழைத்து கஷாயம் செய்து சமர்ப்பிக்கச் சொன்னாராம். தன்வந்திரி சன்னதியும் அதையொட்டித்தான் வந்தது என்பார்கள்.

கதை கதையாகவே இருக்கட்டும். அதற்குள் இருக்கும் நினைப்பைப் பாருங்கள். பெருமாளுக்கே உடம்பு சரியில்லை என்றாலும் வைத்தியரைத்தான் கூப்பிட வேண்டும்! பக்தி இருந்தால் மருந்து வேண்டாம் என்று அந்தக் கதை சொல்லவில்லை.

1323இல் டில்லி சுல்தானின் மகன் உலூக் கான் படையெடுப்பில் ஸ்ரீரங்கம் பெரிய அழிவைச் சந்தித்தது. உற்சவரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் 1371இல்தான் திரும்பி வந்தார்கள். ஆரோக்கியசாலையும் அந்தப் படையெடுப்புக் காலத்தில் பாழானது. அதன் பிறகு நடந்ததுதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் சிகரம்.

1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சீனிவாசன் என்கிற ஸ்ரீரங்கம் கருடவாகன பட்டர், தன் முன்னோர் ஹொய்சாளர் காலத்தில் நடத்திய அந்த ஆரோக்கியசாலையைப் புதுப்பித்து, தன்வந்திரி எம்பெருமானை அங்கே எழுந்தருளச் செய்தார் என்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1323க்கும் 1493க்கும் இடையே 170 வருடம். ஏழெட்டு தலைமுறை. "எங்கள் முன்னோர் இங்கே ஒரு மருத்துவமனை நடத்தினார்கள்" என்பதை ஒரு குடும்பம் இத்தனை காலம் மறக்காமல் இருந்திருக்கிறது. மறக்காமல் இருந்தது மட்டுமல்ல, திரும்பக் கட்டியிருக்கிறது.

மருந்து அறையில் என்ன இருந்தது?

ஸ்ரீரங்கத்துக் கல்வெட்டுகள் சாலையின் பிறப்பையும் மறுபிறப்பையும் சொல்கின்றன. அப்படிப்பட்ட ஒரு கோயில் மருத்துவமனை உள்ளே எப்படி இருந்திருக்கும்? இதைத் தெரிந்துகொள்ள நாம் கொஞ்சம் வடக்கே, காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போக வேண்டும். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடல். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. காலம் 1060களின் இறுதி. அதாவது ஸ்ரீரங்கத்து ஆரோக்கியசாலைக்கு ஏறத்தாழ 190 வருடம் முந்தையது.

அந்தக் கோயிலில் ஒரு பள்ளி, மாணவர் விடுதி, கூடவே 'வீரசோழன்' என்ற பெயரில் ஒரு மருத்துவமனை. 15 படுக்கைகள். மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் அங்கே வைத்தியம். வேலை பார்த்தவர்கள் யார் யார் தெரியுமா?

மருத்துவர் ஒருவர். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை, அதாவது அறுவை வைத்தியம் செய்ய ஒருவர். மூலிகை கொண்டுவந்து, விறகு சேர்த்து, மருந்து காய்ச்ச இருவர். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக் கவனித்துக்கொள்ளப் பெண்கள் இருவர். ஒரு நாவிதர். தண்ணீர் கொண்டுவர ஒருவர். இரவில் எரிய ஒரு விளக்குக்கு எண்ணெய். டூட்டி டாக்டர், நர்ஸ், பார்மசி, நைட் லாம்ப் எல்லாம் 950 வருடத்துக்கு முன்பே!

இப்போதுதான் நம் கதாநாயகன் வருகிறார். மருத்துவமனையில் இருப்பு வைத்திருக்க வேண்டிய சுமார் 20 மருந்துகளின் பெயர்களைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. தைலங்கள், நெய்கள், உப்பு வகை எல்லாம் உண்டு. அதில் நாலு மருந்துகள் கடுக்காயின் பெயரிலேயே இருக்கின்றன.

வாசா அரிதகி - ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்தது. ஆடாதோடை இருமலுக்கும் சளிக்கும் உரியது என்பது நமக்கே தெரியும்.

தசமூல அரிதகி - பத்து வேர்களின் கஷாயத்தில் கடுக்காய். வீக்கத்துக்குச் சரகர் சொல்லும் கடுக்காய் லேகியமும் இதே வகைதான்.

பல்லாதக அரிதகி - சேராங்கொட்டையும் கடுக்காயும். சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொட்டாலே தோல் கொப்பளித்துவிடும். தெரிந்தவர் கையில் மட்டுமே மருந்து.

கோமூத்திர அரிதகி - பசு மூத்திரத்தில் ஊறிய கடுக்காய். மகாவக்கத்தில் காமாலை வந்த துறவிக்கு அனுமதித்தார்களே, அதே கூட்டு! புத்தத் துறவிகளுக்காக விதியாகச் சொன்னது, நூற்றாண்டுகள் கழித்து பாலாற்றங்கரைப் பெருமாள் கோயிலில் சோழன் கல்லில் வெட்டிய பட்டியலில் வருகிறது. சமயம் மாறியது, மொழி மாறியது, அரசு மாறியது. மருந்து மாறவில்லை.

இந்த வரிசையைப் படிக்கும்போது ஒன்று புரிகிறது. அங்கே கடுக்காயைச் சும்மா ஒரு டப்பாவில் போட்டு "தினமும் ஒன்று" என்று கொடுக்கவில்லை. இருமலுக்கு ஒரு கூட்டு, வீக்கத்துக்கு ஒரு கூட்டு என்று தனித்தனியாகச் செய்து, மருத்துவர் பார்த்து, இன்னாருக்கு இது என்று கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு மருத்துவர் வேண்டும், காய்ச்ச ஆள் வேண்டும், மலைச் சரக்கு வந்து சேர வழி வேண்டும், எல்லாருக்கும் படியளக்க நெல் வேண்டும். அதனால்தான் அரசன் இதையெல்லாம் கல்லில் எழுதி வைத்தான்.

இது ஒரே ஒரு கோயிலின் கதையும் இல்லை. ராஜராஜனின் அக்கா குந்தவை, தந்தை சுந்தரசோழன் பெயரில் தஞ்சையில் இருந்த ஆதுலசாலைக்கு நிலம் கொடுத்திருக்கிறார். ஆதுலர் என்றால் நோயாளிகள். திருவாவடுதுறையில் விக்கிரம சோழனின் 1121ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அங்கே சரக சம்ஹிதையும் அஷ்டாங்க ஹிருதயமும் படித்தவர்களுக்கு உணவு கொடுக்க ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. மருத்துவமனை மட்டுமல்ல, மருத்துவப் படிப்பும் காவிரிக் கரையில் நடந்திருக்கிறது. "முன்னோர்கள் ஆஸ்பத்திரிக்கே போனதில்லை" என்பது முன்னோர்களுக்கு நாம் செய்யும் மரியாதை இல்லை. அவர்கள் கட்டிய ஆஸ்பத்திரிகளை நாமே மறுபடி ஒருமுறை இடிப்பதற்குச் சமம்.

சுவரையும் தோலையும் சுத்தம் செய்த துவர்ப்பு

முதலில் சொன்ன துவர்ப்பு நினைவிருக்கிறதா? அதற்குக் காரணம் டானின். காய்ந்த கடுக்காய்ச் சதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டானின் சம்பந்தப்பட்ட பொருட்கள்தான். டானினுக்குப் புரதத்தைக் கண்டால் விடாது. உடனே போய் ஒட்டிக்கொள்ளும். கடுக்காய் தின்றவுடன் நாக்கு இழுத்துப் பிடிப்பது எச்சிலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால்தான். புண்ணைக் கழுவும்போது மேலே மெல்லிய படலம் மாதிரிப் பிடித்து, கசிவைக் குறைப்பதும் இதே குணம்தான். குடலை இளக்கும் வேலைக்கு வேறு பொருட்களும் காரணம் என்கிறார்கள்.

இதே ஒட்டும் குணம் மருத்துவமனைக்கு வெளியேயும் வேலை செய்தது.

பச்சைத் தோல் அழுகாமல் பதப்படுவது, தோலின் புரதத்தோடு டானின் சேர்வதால். சென்னை மாகாணத்தில் தோலை ஆவாரம்பட்டையில் ஊறவைத்துவிட்டு கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். திருச்சியில் செம்பட்டுப் பக்கம் இருந்த தோல் பதனிடும் தொழிலும் இந்த மரபில் வந்ததுதான். கடுக்காய் ஏலத்துக்கும் ஏற்றுமதிக்கும் போன பெரிய வணிகச் சரக்கானது மருந்தால் மட்டும் இல்லை, இந்தத் தோலால்.

கலம்காரித் துணிக்கு வர்ணம் பிடிக்க வேண்டும் என்றால் முதலில் கடுக்காயும் பாலும் கலந்து துணியை முக்கி எடுப்பார்கள். அதன்மேல் இரும்பு கலந்த நீரால் வரைந்தால் பளிச்சென்று கறுப்பு. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் எழுதும் மையும் தயார்.

அடுத்து சுவர். சுண்ணாம்புச் சாந்துக்கு கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய முறை. சர்க்கரைச் சத்து சாந்து சீக்கிரம் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ளும், கடுக்காய் அதற்கு வழுவழுப்பும் பிடிப்பும் கொடுக்கும் என்பார்கள். ஸ்ரீரங்கம் கோயிலில் பெரிய திருப்பணி நடந்து 2015 செப்டம்பரிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாகச் சம்ப்ரோக்ஷணம் ஆனது. பழைய முறைச் சுண்ணாம்பு வேலைக்கு அந்தத் திருப்பணியில் மறுபடி இடம் கிடைத்தது. 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது.

ஒரு காலத்தில் ஒரே கோயில் ஊரில் வைத்தியர், கொத்தனார், சாயக்காரர், தோல் தொழிலாளி, கணக்கு எழுதுபவர் எல்லாருமே தங்கள் வேலைக்காக இந்த ஒரே காயைத் தேடியிருக்கிறார்கள். எல்லாருக்கும் அதில் தேவைப்பட்டது அதே துவர்ப்புதான். ஒவ்வொருவரும் அதை ஊறவைத்த விதம்தான் வேறு.

இன்று?

இன்று திருச்சி பெரிய கடைவீதி நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கடுக்காய் முழுசாகவும் கிடைக்கும், பொடியாகவும் கிடைக்கும். கடுக்காய் நீரால் வாய் கொப்பளித்தால் பல் சொத்தைக்குக் காரணமான கிருமி குறைகிறது என்று சிறிய அளவிலான ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் வேறு பல குணங்களையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சோதனைக் குழாயில் நடப்பதெல்லாம் மனித உடம்பிலும் நடக்கும் என்று சொல்ல முடியாது. சர்க்கரை நோய்க்கும், புற்றுநோய்க்கும் இதுவே போதும் என்று யாராவது சொன்னால், எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அப்படிச் செய்து கஷ்டப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இதனால் கடுக்காயை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இவ்வளவு படித்த பிறகு எனக்கு அதன்மேல் மரியாதை கூடித்தான் இருக்கிறது. என் கோபமெல்லாம், இத்தனை பெரிய வரலாற்றை "ராத்திரி ஒரு ஸ்பூன்" என்று சுருக்கிவிடுகிறவர்கள் மேல்தான். திருமுக்கூடலில் கடுக்காயைக் கொடுத்தது ஒரு வதந்தி இல்லை, ஒரு மருத்துவர். அவருக்குப் பின்னால் காட்டில் மூலிகை தேடியவர், அடுப்பில் விறகு தள்ளியவர், மருந்தை வாயில் ஊட்டிய இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு எத்தனை கலம் நெல் என்பதுவரை கல்வெட்டில் இருக்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு, அதற்கு ஊர்தான் செலவு செய்ய வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே முடிவு செய்திருக்கிறார்கள். பழம்பெருமை பேசுவதென்றால் இதைப் பேசலாமே!

அடுத்த முறை ஸ்ரீரங்கம் போனால் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு அவசரமாக வெளியே வந்துவிடாதீர்கள் நண்பர்களே. தன்வந்திரி சன்னதிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அந்தப் பக்கம்தான் ஒரு காலத்தில் கஷாயம் கொதித்த வாசனை வந்திருக்கும். அப்புறம், யாராவது "ஒரே கடுக்காயில் எல்லா நோயும் போச்சு" என்று சொன்னால், சிரித்துக்கொண்டே கேளுங்கள்: "மென்றதா, அரைத்ததா, வேகவைத்ததா, வறுத்ததா?"

பதில் வரவில்லை என்றால் புரிந்துகொள்ளுங்கள், அவர் உங்களுக்குக் கடுக்காய் கொடுக்கிறார்!